மறுகால் பாயும் ஊர்: இயற்கையிடம் கற்று மீள்திறன் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2017-ஆம் ஆண்டு சித்திரையில் மேலூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் நடந்தபோது, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனதால், அந்த ஜனவரியிலேயே தமிழகம் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. உடன் வந்த பெரியப்பா ஒரு வெடிப்புக்குள் கைவிட்டு, மண்ணோடு மண்ணாகக் கிடந்த நத்தை ஒன்றை எடுத்தார். ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்திருந்த அது கூழாங்கல்லைப்போல அசைவற்றிருந்தது. "செத்துப்போச்சுன்னு நெனைக்காதப்பா, தண்ணி வந்தா நடக்கும்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் இட்டேன். மறுநாள் காலையில் அது வாளியின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது.

தண்ணீர் இருந்த மாதங்களில் மேய்ந்து உடலைத் தேற்றிக்கொண்டதாலும், ஈரம் குறையத் தொடங்கியவுடன் காலம் தாழ்த்தாமல் மண்ணுக்குள் இறங்கியதாலும்தான் அந்த நத்தை பிழைத்தது. மீள்திறன் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி, துன்பம் வருவதற்கு முன்பே செய்து முடிக்கப்படுகிற வேலை என்பதை நான் அதனிடம்தான் கற்றேன். அந்த வேலையை நம் வட்டாரத்து உயிர்களையும் நீர்வழிகளையும் பார்த்து, முதலில் வீட்டிலும் பிறகு தெருவிலும் ஊரிலும் எவ்வாறு செய்யலாம் என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

தொடங்கும் முன் இந்த நிலத்தின் இயல்பை மனத்தில் கொள்ள வேண்டும். மதுரை வட்டாரத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ பாதி ஐப்பசியை ஒட்டிய சில வாரங்களில், அதுவும் சில பெருமழைகளாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் வைகையும் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இல்லை. ஆகவே வெள்ளமும் வறட்சியும் இங்கே ஒரே ஆண்டில் வந்து போகக்கூடியவை. இந்த மண்ணில் நிலைத்துவிட்ட ஒவ்வொரு மரமும் பிராணியும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏதோ ஒரு விடையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

முதற்படி: ஓராண்டு பார்த்து எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு மரம், ஒரு நீர்நிலை, ஒரு தெருமுனை ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு முறை, தேதியிட்டு, பார்த்ததை மட்டும் இரண்டு வரிகளில் எழுதுங்கள். வேம்பு எந்த வாரத்தில் இலை உதிர்த்தது, எப்போது துளிர்த்தது, கண்மாயில் நீர் எந்தப் படிக்கல் வரை நின்றது, ஈசல் புறப்பட்டதற்கும் மழைக்கும் எத்தனை நாள் இடைவெளி, கிணற்று நீர்மட்டம் மாசியில் எவ்வளவு இறங்கியது என்பவற்றை எழுதினால் போதும்.

தெருமுனையைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து, நீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பவர் ஒரு தெருவில் ஒருவர்கூட இல்லாததை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அரை மணி நேர மழையில் முழங்கால் அளவு நீர் தேங்கும் இடம் பெருமழையில் எவ்வளவு ஆழமாகும் என்பதை ஊகிக்க வேறு அறிவு வேண்டியதில்லை. ஓராண்டின் முடிவில் இந்தக் குறிப்பேடு உங்கள் தெருவைப் பற்றி எந்த அலுவலகத்திலும் கிடைக்காத ஆவணமாகிவிடும்.

இரண்டாம் படி: வீட்டில் நத்தையின் ஏற்பாடு

நீரிலிருந்து தொடங்குவோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஆயிரம் சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். எனவே 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரே இரவில் அந்த மாடியில் 4,650 லிட்டர் விழுகிறது. சிதறலும் ஆவியும் போக 3,700 லிட்டராவது கைக்கு வரும். தமிழகத்தில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனாலும் அன்று வைத்த குழாய்களில் எத்தனை இன்றும் அடைப்பின்றி இருக்கின்றன என்று ஒவ்வொருவரும் தம் மாடிக்குச் சென்று பார்க்க வேண்டும். புரட்டாசிக்குள் மாடியைக் கூட்டி, குழாயின் வாயில் வலை கட்டி, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட ஒரு திறப்பு வைத்து, அதன் பிறகு வரும் நீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ திருப்புங்கள். தொட்டி கொசு புகாதபடி மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரோடு சேர்த்து டெங்கையும் சேமித்தவர்களாவோம்.

அவசர காலத்துக்கென்று தனிக் கணக்கு வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று கொண்டால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர். சுமார் பத்து நடுத்தரக் குடங்கள் அளவாகும் இந்த நீரை மூடிய கலங்களில் வைத்து, பழையதைப் புழங்கிப் புதியதை நிரப்பி வாருங்கள்.

உணவில் எறும்பு நமக்கு ஆசிரியர். விதை சேர்க்கும் எறும்புகள் மழையில் நனைந்த விதைகளை வெயில் கண்டதும் புற்றுக்கு வெளியே கொண்டுவந்து உலர்த்தி, மீண்டும் உள்ளே எடுத்துச் செல்கின்றன. சேமிப்பைக் காட்டிலும் சேமித்ததைப் பேணுவதே கடினம் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் சுண்டைக்காயும் கொத்தவரையும் மிளகாயும் வற்றலாகும். பயறு வேப்பிலையோடோ சாம்பலோடோ கலந்து பானைக்குள் போகும். குதிரைவாலி, வரகு போன்றவற்றை உமியோடு வைத்தால் நெடுநாள் கெடாது. உமி நீக்கிய அரிசியாக வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு, வற்றல், எண்ணெய், உப்பு ஆகியவை எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

ஆவணங்களை நீர் புகாத உறையில் இட்டு உயரமான இடத்தில் வையுங்கள். தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு இருப்பில் இருக்கட்டும். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, ஆம்புலன்ஸ் 108. இவை அலைபேசியில் மட்டுமின்றிச் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: உதிர்க்க வேண்டியதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

வேம்பு கோடை முற்றுவதற்கு முன்பே பழைய இலைகளைப் பெருமளவு உதிர்த்துவிடுகிறது. இலை குறைந்தால் நீர் இழப்பும் குறையும். அதன் பிறகு, எல்லாம் வாடி நிற்கும் பங்குனியில், அது துளிர்த்துப் பூக்கிறது. சித்திரை முதல் நாள் நம் தட்டுக்கு வரும் பூ அந்தத் துளிர்ப்பின் பூதான்.

வருமானம் குறையும் காலத்தில் எந்தச் செலவை முதலில் நிறுத்துவது, எதை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்பதைக் குடும்பம் நல்ல நாளிலேயே உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்கினால், பெரும்பாலும் பெண்களின் சாப்பாடும் மருந்தும் பெண் குழந்தைகளின் படிப்பும்தான் சத்தமில்லாமல் உதிர்க்கப்படுகின்றன. இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே அந்தத் தாளின் முதல் வரியில், எவருடைய உணவும் மருந்தும் படிப்பும் குறைக்கப்பட மாட்டாது என்று எழுதுங்கள். அதற்குக் கீழே மற்றவற்றை வரிசைப்படுத்துங்கள்.

நான்காம் படி: ஒன்றையே நம்பி நிற்காதீர்கள்

ஆலமரத்தின் அடிமரம் உளுத்துப்போன பின்பும் விழுதுகள் தூண்களாகி மரத்தைத் தாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். விழுது தரையைத் தொட்டுத் தூணாகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வருமானம், இரண்டாவது கைத்தொழில் என்பவற்றை முதல் வருமானம் வலுவாக இருக்கும்போதே மண்ணைத் தொட விட வேண்டும்.

டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மானாவாரியில் சோளத்தோடும் கம்போடும் தட்டைப்பயறு, பாசிப்பயறு, துவரை ஆகியவற்றைக் கலந்து விதைப்பது பழைய வழக்கம். மழை பிந்தினால் ஒன்று போகும், இன்னொன்று நிற்கும். பயறுகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதால், விளைச்சல் குறைந்த ஆண்டிலும் நிலத்துக்கு ஏதோ ஒன்று மிஞ்சும். இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சீமைக் கருவேலம் கற்றுத்தருகிறது. ஒரே செடி கண்மாய் உள்வாய் முழுவதையும் பிடித்துக்கொண்டால் புல்லும் இல்லை, மேய்ச்சலும் இல்லை, நீர் நிற்க இடமும் இல்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அதை நம்பியிருப்பதை மறந்து ஒரே நாளில் வெட்டியெறியச் சொல்வது நியாயமாகாது. பகுதி பகுதியாக அகற்றி, அந்தக் குடும்பங்களுக்கு மாற்று வேலைக்கும் ஊரே பொறுப்பேற்க வேண்டும்.

குடும்ப அளவில் இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இந்த வீட்டில் எந்த ஒரு மனிதர், எந்த ஒரு வேலை, எந்த ஒரு குழாய் நின்றுபோனால் எல்லாமே நின்றுபோகும்? விடையாக வருவதற்கு ஒரு மாற்று ஏற்பாட்டை இந்த ஆண்டுக்குள் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: மனத்துக்குத் தரிசுக் காலம்

தொடர்ந்து விளைந்த நிலத்தைத் தரிசாகப் போட்டு ஆறவிடுவது சோம்பல் என்று எந்தச் சம்சாரியும் சொல்ல மாட்டார். இழப்பைச் சந்தித்த மனிதருக்கும் அந்த இடைவெளியைக் கொடுக்க வேண்டும். ஆனால் தரிசு நிலத்தையும் யாராவது போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதுபோல, ஒதுங்கியிருப்பவரைத் தனியே விட்டுவிடாமல் வாரத்துக்கு இரு முறையாவது போய் உட்கார்ந்துவிட்டு வருவது உறவினரின் கடமை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் திரும்பாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆறாம் படி: தெருவையும் ஊரையும் கண்மாய்ச் சங்கிலியாகப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் படியைத்தான். நிலத்தின் சரிவை நெடுங்காலம் கவனித்து, அதற்கு எதிராக நிற்காமல் அதற்கு இசைந்து நம் முன்னோர் அமைத்தவை கண்மாய்கள். மேட்டிலுள்ள கண்மாய் நிறைந்ததும் உபரிநீர் கலுங்கு வழியே வெளியேறி அடுத்த கண்மாய்க்குப் போகும். அதைத்தான் மறுகால் பாய்தல் என்கிறோம். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. வைகையே கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது.

கலுங்கு ஒரு கண்மாய்க்கு இரண்டு காரியங்களைச் செய்கிறது. தன் கரை உடையாமல் காக்கிறது. கீழூருக்கு நீர் தருகிறது. கலுங்கின் மட்டத்தைச் செங்கல் வைத்து உயர்த்தித் தனக்கு மட்டும் கூடுதலாகத் தேக்க நினைக்கும் ஊர், பெருமழையில் தன் கரையையே இழக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு தெருவும் தனக்கு இவ்வளவு போதும், இதற்கு மேல் மறுகால் என்று ஒரு மட்டத்தை வைத்துக்கொள்ள முடிந்தால், அந்த ஊரில் கடைசிக் குடிசை வரை ஈரம் போய்ச் சேரும்.

2024 அக்டோபரில் மதுரையில் சிறிது நேரத்தில் கொட்டிய பெருமழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்கள் வெள்ளக்காடாயின. செல்லூர்க் கண்மாயின் உபரிநீர் பந்தல்குடிக் கால்வாய் வழியே வைகைக்குப் போக வேண்டும். கால்வாய் கொள்ளாத நீர் தெருவுக்குள்தான் வரும். நகரத்தில் வாழ்பவர்கள் தாங்கள் எந்தக் கண்மாயின் வரத்தில், எந்தக் கால்வாயின் கரையில் குடியிருக்கிறோம் என்பதை அறியாமலிருப்பது இனியும் சரிவராது.

செய்ய வேண்டியவை இவை. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துப் பேர் சேர்ந்து உங்கள் பகுதியின் வரத்துக் கால்வாயைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து பாருங்கள். எழுபது வயதைக் கடந்த ஒருவரை, முடியாவிட்டால் ஆட்டோவில் வைத்தாவது, உடன் அழைத்துச் செல்லுங்கள். மண்மூடிய மடையும் மறைந்துபோன ஓடையும் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. அடைப்பு, ஆக்கிரமிப்பு, உடைப்பு ஆகியவற்றைப் படமெடுத்து ஒரு தாளில் வரைபடமாக வரையுங்கள். தாங்களே கையால் அகற்றக்கூடிய குப்பையையும் செடியையும் ஆவணிக்குள் அகற்றிவிடுங்கள். மற்றவற்றை மனுவாக எழுதி, நகரமானால் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும், கிராமமானால் கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஆகஸ்ட் கூட்டத்தைத் தவறவிட்டால் மழைக்கு முன் வேலை நடப்பது அரிது.

வண்டலை அகற்றும் வேலை கோடைக்கு உரியது. கரம்பை மண்ணை வயலுக்கு அடித்தால் நிலமும் வளமாகும், கண்மாயும் ஆழமாகும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று விவசாயிகள் எடுத்துக்கொள்ளலாம். குடிமராமத்து என்ற பெயரில் ஊரே கூடிச் செய்துவந்த இந்த வேலையை 2016-17-இல் அரசு மீண்டும் கையில் எடுத்தது. திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை ஊருடையது.

பழைய கண்மாய்களுக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு என்பதை அவர் பார்த்துக்கொண்டார். இரவில் மழை வலுத்தால் கரைக்குப் போய்ப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. அவருக்கு ஊர் தானியமாகக் கூலி கொடுத்தது. இன்றைய தெருவுக்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும். நாற்பது, ஐம்பது வீடுகளுக்கு இருவர் என்று பொறுப்பேற்று, தனியாக வாழும் முதியோர், நடக்க இயலாதவர், கைக்குழந்தை உள்ள வீடு, ஆக்சிஜனோ இன்சுலினோ தேவைப்படுபவர் ஆகியோரின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். மழை வலுத்தால் யார் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, யார் வீட்டு மாடியில் தங்கவைப்பது, மின்சாரத்தை எங்கே நிறுத்துவது என்பவை முன்பே முடிவாகியிருக்க வேண்டும். என் தெருவில் ஒருமுறை நள்ளிரவில் நீர் புகுந்தபோது, எதிர் வீட்டின் பின்கட்டில் ஒரு பாட்டி படுக்கையில் இருப்பதே எங்களில் பலருக்கு விடிந்த பிறகுதான் தெரியவந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் காலை நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஏழாம் படி: பிடி அரிசியில் தொடங்குங்கள்

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் எல்லார் வீட்டிலும் இருந்தது. அதே கருத்தைப் பணத்துக்கும் கொண்டுவந்து, 1990-களில் அழகர்கோயில் வட்டாரப் பெண்கள் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். விவசாயக் கூலியாக இருந்து அந்தக் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மாளின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் வணங்கியதை நாடே பார்த்தது; 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பத்து முதல் இருபது பேர், மாதம் எல்லாராலும் தவறாமல் கட்டக்கூடிய சிறு தொகை, எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படும் கணக்கு, வங்கிக் கணக்கில் மூவர் கையெழுத்து ஆகிய நான்கும் இருந்தால் குழு நிலைக்கும். முதல் ஆறு மாதம் கடன் கொடுக்காமல் சேமித்து, அதன் பிறகு மருத்துவம், பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். சேமிப்பில் ஒரு பங்கைப் பேரிடருக்கென்று தொடாமல் வைப்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

எட்டாம் படி: கற்றுக்கொடுத்தவற்றைக் காப்பாற்றுங்கள்

மேலூர் வட்டம் அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும் அடங்கிய 193 ஹெக்டேர் பகுதி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியைத் தொட்டு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, சுற்றியுள்ள ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன, மதுரை வரை நடந்து வந்தன. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அந்த ஊர்களால் அவ்வளவு விரைவாகக் கூட முடிந்ததற்கு, ஒரே கண்மாய் நீரையும் ஒரே கோயில் திருவிழாவையும் தலைமுறைகளாகப் பங்கிட்டு வந்த பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகேயுள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் கலையக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை.

உங்கள் ஊரில் கண்மாய்க் கரை இருந்தால் ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றுங்கள். அடர்ந்த சல்லிவேர்கள் மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்வதால் கரைக்கு அதைவிடச் சிறந்த காவல் இல்லை. மடைக்கும் கலுங்குக்கும் அருகே எந்த மரத்தையும் வைக்க வேண்டாம். வேர் கட்டுமானத்தைப் பிளக்கும். பனை பலனுக்கு வரப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும் என்பதால், ஊன்றும் கைகளில் பாதியாவது பள்ளிப் பிள்ளைகளின் கைகளாக இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: ஒவ்வொரு நெருக்கடிக்குப் பிறகும்

வெள்ளமோ வறட்சியோ கொள்ளைநோயோ கடந்துபோன பதினைந்து நாள்களுக்குள், நினைவு மங்குவதற்கு முன், தெரு நீர்க்கட்டிகளும் சேமிப்புக் குழுவினரும் ஒரு மாலை கூடுங்கள். முதற்படியில் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தை அங்கே கொண்டுவந்து, நீர் எந்த வீட்டுப் படி வரை வந்தது, எந்தக் கதவு தட்டப்படவில்லை, எது தீர்ந்துபோனது, எது மிஞ்சியது என்பதை ஒவ்வொருவராகச் சொல்ல, ஒருவர் எழுதட்டும். மிஞ்சியதை அடுத்த தெருவுக்குக் கொடுத்துவிடுங்கள். நீர் வந்த மட்டத்தைத் தெருமுனைச் சுவரில் தேதியோடு சாயத்தால் கோடிட்டு வையுங்கள். பட்டியலில் விடுபட்ட பெயர்களை அன்றே சேர்த்து, அடுத்த ஆடியில் கால்வாயை நடந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு கலையுங்கள்.